பிடி விடாத கை

பஞ்சாலையில் வலக்கையை இழந்த தெரசம்மாளுக்கு ஒரு நிறுவனம் இயந்திரக் கை பொருத்தியிருந்தது. அதை இயக்கும் ரகசியக் குறியீடுகளை நிறுவனம் பழைய கைபேசிச் செயலியிலிருந்து புதிய செயலிக்கு மாற்றும்போது கை அப்படியே இறுகிப்போனது. அப்போது அவள் ஆறு வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதும்மா!"

உதவி மையத்தை அழைத்தாள்.

"கை திறக்கணும்னா பழைய செயலி ஒப்புதல் கொடுக்கணும் மேடம். அதை நேத்தே மூடிட்டோம். மூணு நாள் ஆகும்."

"மூணு நாளா? எம் பொண்ணு விரலெல்லாம் நீலமாயிடுச்சுய்யா!"

"புரியுது மேடம். தயவுசெஞ்சு கையைச் சேதப்படுத்தாதீங்க."

பக்கத்து சைக்கிள் கடையில் ஸ்குரூடிரைவர் வாங்கி, இரும்பு விரல்களை ஒவ்வொன்றாக நெம்பி முறித்தாள். மூன்றாவது விரலில் மகள் விடுபட்டாள். தெரசம்மாள் நிறுத்தவில்லை, மிச்சமிருந்த இரண்டையும் முறித்துப்போட்டாள்.