நிறமில்லாத கண்ணாடி

"நீலமும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். மேற்குப் பக்கத்துக் கண்ணாடிக்குன்னு ஒரு நிறமே இருக்கக் கூடாது தாயி!"

மேசை மேல் வரிசையாக வைத்திருந்த மாதிரிக் கண்ணாடிகளை சௌந்தரபாண்டியன் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளினார். கார்த்திகா அவற்றைத் திரும்ப எடுத்து அடுக்கினாள். இராஜபாளையத்தில் அவர் எழுப்பும் பத்து மாடி ஓட்டலுக்கு அவள்தான் ஆர்க்கிடெக்ட். சேத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து, அஸ்திவாரத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவள்.

"சார், மத்த மூணு பக்கத்துக்கும் நான் சொன்ன நீலத்துக்குச் சரின்னுட்டீங்க. மேற்கே மட்டும் ஏன் இப்படி?"

"மேற்கே முகம் பார்க்கிற கண்ணாடி கணக்கா இருக்கணும். நடுவுல அலுமினியப் பட்டை தெரியக் கூடாது. ஒரு நெளிவு இருக்கக் கூடாது."

"சாயங்கால வெயிலை அம்புட்டையும் திருப்பி எதிர்வீடுகள் மேல அடிக்கும் சார். கரும்பச்சை போட்டா யார் கண்ணையும் உறுத்தாது."

"உறுத்தினா உறுத்திட்டுப் போகுது. நான் சொன்னதைப் போடும்மா."

இரண்டு வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவர் தட்டியதில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம்?

வெளியே வந்ததும் கண்ணாடி மாட்டும் மேஸ்திரி சமுத்திரம் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்களுக்கு விஷயம் தெரியாதா? மேற்கே ரெண்டு தெரு தள்ளி இருக்கது அவரு கூடப் பிறந்த அண்ணன் தனுஷ்கோடி வீடு. தங்கச்சி கல்யாணப் பந்தல்ல ஆரம்பிச்ச சண்டை. பதினோரு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசினதில்லை. அண்ணன் வீட்டுக்குள்ள வெயிலை அடிக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு ஊரே சொல்லுது."

கார்த்திகாவுக்கு மனசு கசந்தது. தான் ஆசையாக வரைந்த கட்டடம் ஒரு பங்காளிச் சண்டைக்கு ஆயுதமாவதா?

ஆனாலும் வேலை நடந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். சௌந்தரபாண்டியன் தினமும் கீழே நின்று, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். துளி நெளிவு தெரிந்தாலும் கழற்றச் சொன்னார். இரண்டு முறை லாரி லோடையே திருப்பி அனுப்பினார்.

கடைசிப் பலகையும் ஏறி, மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தபோது தெருவில் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பத்து மாடிச் சுவரைக் காணோம்! அந்த இடத்தில் வானம் நின்றது. மேகம் ஒரு மூலையில் நுழைந்து மறு மூலை வழியாக மெல்ல நகர்ந்து போனது. கொக்குக் கூட்டம் ஒன்று கண்ணாடிக்குள் பறந்தது. டவுன் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"யாத்தே, எம்புட்டு அழகு!" என்றாள் பூக்கூடையோடு வந்த ஒருத்தி.

கார்த்திகாவும் கண் எடுக்காமல் பார்த்தாள். தான் போட நினைத்த கரும்பச்சை இதன் கால் தூசிக்கு வராது என்று அவளுக்கே தெரிந்தது. அதனாலேயே உறுத்தலும் கூடியது.

ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் காலை அவளாகவே தனுஷ்கோடி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி ஞானபாக்கியம் திறந்தாள்.

"நான் அந்த ஓட்டலைக் கட்டுற ஆர்க்கிடெக்ட் அம்மா. ஐயாவைப் பார்க்கணும்."

"உள்ள வா தாயி. அவிய எந்திரிச்சு வர முடியாது."

அறையில் தனுஷ்கோடி கட்டிலில் படுத்திருந்தார். மலையடிவாரத் தோப்பில் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய் மூன்று வருஷமாம். அந்தச் சின்ன அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் கிழக்கே.

கார்த்திகா கை கூப்பினாள். "ஐயா, கண்ணாடி ரொம்பக் கூசுதா? ஏதாவது பிலிம் ஒட்டித் தரச் சொல்லட்டுமா?"

"ஒட்டவா? ஒட்டிறாதம்மா!" அவர் பதறினார். "சாயங்காலம் செத்த நேரம் கூசும். திரையை இழுத்து விட்டுருவா. நீ இங்க வா. என் தலைமாட்டுல குனிஞ்சு பாரு."

குனிந்தாள். எதிரே ஓட்டல் கண்ணாடியில், சன்னல் சட்டம் நிறைய மேற்கு மலை! மடிப்பு மடிப்பாக, இடுக்கெல்லாம் பனி தங்கி, காலை வெயிலில் பச்சைக்குள் பச்சையாக.

"மூணு வருஷம்! மலை என் தலைக்குப் பின்னாடியே நின்னுச்சு. பார்க்கத்தான் குடுத்து வைக்கல. இப்ப தோப்புக்கு மேல மழை இறங்குறதுகூடத் தெரியுது." அவர் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "நீ நல்லா இருக்கணும் தாயி."

"நான் இல்லைய்யா. இந்தக் கண்ணாடிதான் வேணும்னு பிடிவாதமா நின்னது உங்க தம்பி."

அவர் முகம் சட்டென்று இறுகியது. "அவனா? அவன் என் கண்ணைக் குத்தப் போட்டிருப்பான். தப்பித் தவறி மலை வந்து விழுந்துருச்சு."

கார்த்திகா விடைபெற்றாள். வாசல் வரை வந்த ஞானபாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"தப்பித் தவறி இல்ல தாயி. போன வருஷம் என் மகன் இவியள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு எங்க கொழுந்தனார் வந்தாக. இவிய கட்டில்லயே மல்லாக்கப் படுத்து, அரை மணி நேரம் அந்தச் சன்னலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தாக. பொறவு, 'அண்ணன்கிட்ட சொல்லிராதீக மதினி'ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போனாக."