மஞ்சள் கண்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளின் கண் மஞ்சளாக இருந்தது. மடியில் டிபன் கேரியர். கையை ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தார்.

குடிகாரன், வேறென்ன. நான் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

"உள்ள யாருங்க?"

"சம்சாரம். ஈரல்ல நீர்க்கட்டி. நாய்கிட்டேர்ந்து வர்ற புழுவாம்." வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன்.

"பவித்ரா டாக்டருதானே? கவலப்படாதீங்க."

சர்ட்டிபிகேட் கொடுக்கிற மூஞ்சியைப் பார். உள்ளே என் காந்திமதி உயிரோடு வரணுமே என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் என்றது மூன்றரை ஆனது. டாக்டர் வெளியே வந்தார்.

"நல்லா இருக்காங்க. கட்டியை எடுத்தாச்சு. புழுவைக் கொல்ற மருந்தை மட்டும் கட்டிக்குள்ள விடல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் விடல? புழு மிச்சமிருந்து மறுபடி வந்தா?"

"முதல்ல கட்டியிலேர்ந்து கொஞ்சம் நீரை உறிஞ்சிப் பார்த்தேன். மஞ்சளா வந்துச்சு. பித்தக்குழாய்க்கு வழி இருக்குன்னு அர்த்தம். மருந்து அதுல இறங்கினா குழாயே வெந்துபோயிடும். அதான் பக்குவமா எடுத்து, ஓட்டையைத் தைச்சேன். புழுவுக்கு மாத்திரை தர்றேன்."

டிபன் கேரியர்க்காரர் குறுக்கே வந்தார். "மைன்ஸ்ல பெல்ட்டு வுடறதுக்கு முன்னாடி, ஆள் நிக்குதான்னு பாத்துட்டுத்தானே சார் சுவிட்சு போடுவாங்க? அது மாதிரிங்க."

மைன்ஸில் பதினெட்டு வருஷமாக நிலக்கரி போகிற பெல்ட்டை ஓட்டுகிறவன் நான். எனக்கே பாடமா?

"குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவங்க எல்லாம் புத்தி சொல்ல வேண்டாம்" என்று வெடித்துவிட்டேன்.

டாக்டரின் முகம் சிவந்துபோனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவரைக் கையமர்த்திவிட்டு அந்த ஆள் சிரித்தார்.

"ஒரு சொட்டு தொட்டதில்லீங்க. எனக்கும் இதே கட்டிதான். இருவது வருஷம் முன்னாடி, வேற ஊர்ல ஆப்ரேசன். நெறத்தப் பாக்காம மருந்த வுட்டுட்டாங்க. கொழா வெந்துபோச்சு. அன்னைலேர்ந்து இந்த மஞ்சளும் அரிப்பும்தான்."



அவர் எழுந்து டிபன் கேரியரை டாக்டரிடம் நீட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு பெருமை.

"மஞ்சளப் பாத்தா கைய நிறுத்தணும்னு எம் பொண்ணு கத்துகினதே, இந்தக் கண்ணப் பாத்துதாங்க."