பாதிக் கறுப்பு

அப்பாவின் நினைவுநாள் படையலுக்கு கொரியாவின் ஆண்டோங் ஊர் வீட்டில் கூடியிருந்தவர்கள் மூவர்: மூத்தவர் சங்மோ, தம்பி ஜின்மோ, சங்மோவின் மருமகள் யூன்ஹி. படையலில் வைப்பதற்காக ஜின்மோ கணினியில் அப்பாவின் புகைப்படத்தைச் சொடுக்கியதும், அது ஓவியம் வரையும் செயலியில் திறந்தது. கறுப்புத் தூரிகை தயாராக நின்றது.

"எல்லாப் படமும் இதுலயே திறக்கணும்னு மாத்தி வெச்சது யாரு? அப்பா முகத்துல கிறுக்கவா? குடும்ப மானமே போச்சு!" என்று சங்மோ சீறினார்.

"நான்தான் மாமா," என்று யூன்ஹி தலைகுனிந்தாள்.

"விடுண்ணே," என்ற ஜின்மோ அடுத்த படத்தைச் சொடுக்கினார். குடும்ப வம்சாவளி நூலில் அச்சிட அனுப்பவிருந்த சங்மோவின் படம் அது. "அடேங்கப்பா! தலையில இடப்பக்கம் கறுத்தாச்சு. வலப்பக்கம் பாக்கியா அண்ணே?"

படையல் முடிந்ததும், வீண்பழி ஏற்ற மருமகளின் கோப்பையில் படைத்த மதுவைச் சங்மோவே ஊற்றினார்.

அவர் தலைக்குச் சாயம் பூசுவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் படத்துக்கு மட்டுமே பூசினார்.