அசையாத ஸ்டியரிங்

திருத்தணி மலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்த துளசிங்கம், கீழே நின்ற பழைய வெள்ளைக் காரின் சும்மா சாத்தியிருந்த கதவைத் திறந்து ஏறி, மச்சானிடம் இரவல் வாங்கிய வண்டியின் சாவியைப் போட்டான். சாவி திரும்பவில்லை. ஸ்டியரிங்கும் அசையவில்லை.

“எங்க அண்ணன் வண்டிய கெடுத்துட்டீங்களா?” என்று பதறினாள் மனைவி யோகலட்சுமி.

“சும்மா இரு. ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்றவன், இத பண்ண மாட்டனா?”

ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே சாவியைத் திருகினான். பலனில்லை.

வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த வழுக்கைத்தலைக்காரர், “லாக்கு உள்ள சிக்கிக்கினு கீது போல” என்றார்.

“ஆங், கரெக்டு சார். ஸ்குரூ டிரைவர் கிடைக்குமா?”

அவர் ஓடிப்போய் வாங்கி வந்தார். கூடவே டீயும் வந்தது. துளசிங்கம் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த கவரைக் கழற்றி, பூட்டை வெளியே எடுத்தான். உள்ளே இருந்த இரும்பு முள் தேய்ந்து இறுகியிருந்தது. விளக்கேற்றி மீந்த எண்ணெயை விட்டுத் தட்டினான். ஸ்டியரிங் விடுபட்டது. சுவிட்சை ஸ்குரூ டிரைவரால் திருப்பியதும் இன்ஜின் உறுமியது.

துளசிங்கம் பெருமையோடு இறங்கி மனைவியைப் பார்த்தான். அதற்குள் வழுக்கைத்தலைக்காரர் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார்.

“சார், எங்க ஏர்றீங்க?”

“இது என் வண்டிங்க. காலையிலேர்ந்து மெக்கானிக் கிடைக்காம நின்னுகினு இருந்தேன். இதே மாதிரி உங்க வெள்ளை வண்டி அதோ, புளியமரத்துக்குப் பின்னால கீது. முன்னாடியே சொல்லியிருந்தா, பாதியில விட்டுட்டுப் போயிடுவீங்களே!”