மதர்போர்டுக்கு ஒரு மொட்டை

"மீசைய வெச்சுக்கலாங்களா, எடுத்துடவா?" என்று கேட்டார் மொட்டை அடிப்பவர்.

"முடி மட்டுந்தாங்க வேண்டுதல்" என்று எனக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள் என் மனைவி அன்புச்செல்வி. தலை என்னுடையது, வேண்டுதல் அவளுடையது.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு கிழக்குக் கோபுரத்துப் பக்கம் வந்தபோது பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் எதிரில் வந்தார்.

"என்ன சகாதேவன் சார், பொண்ணுக்கு வரன் அமைஞ்சிடுச்சா?"

"இல்லீங்க. மதர்போர்டு அமைஞ்சிடுச்சு."

அது எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்காமல், "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

என் மகள் கவிநிலாவுக்கு ஒரு அனிமேஷன் கம்பெனி ஆன்லைனில் டெஸ்ட் வைத்திருந்தது. அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் இளவரசன், "நான் வந்து செட் பண்ணித் தரேன் மாமா" என்றான்.

"இதுல என்னா இருக்கு? எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருந்ததில்லை. ஒருமுறை ரமணாசிரமத்துக்கு வழி கேட்ட வெள்ளைக்காரர், நான் கை காட்டிய திசையில் நடந்து, அடி அண்ணாமலை வழியாக முக்கால் மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்குப் புண்ணியம் தேடிக் கொடுத்ததாக வீட்டில் சொன்னேன்.

மதர்போர்டு என்பது மற்ற உறுப்புகளெல்லாம் வந்து உட்காரும் பலகை. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் வீடியோ பார்த்தேன். இந்தி வீடியோக்களையும் விடவில்லை. எனக்கு இந்தி தெரியாது என்பது வேறு விஷயம். இளவரசன் சாதாரண போர்டு ஒன்றைச் சொன்னான். நான் கலர் கலராக விளக்கு எரியும் போர்டை வாங்கினேன்.

"பிராசஸருக்குப் பொருந்துமா மாமா?"

"பொருந்தாம?"

பொருந்தித் தொலைத்தது. அதில் என் தலைக்கனம் இன்னும் ஜாஸ்தியானது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி மாட்டி முடித்தேன். ஒரு ஒயர் மட்டும் மிஞ்சியது. 'ஸ்பேர்' என்று முடிவு செய்து, முடிச்சுப் போட்டுப் பின்பக்கம் தள்ளினேன்.

"கம்பெனிக்காரன் சும்மாவாப்பா ஒரு ஒயர் ஜாஸ்தியா குடுப்பான்?" என்றாள் கவிநிலா.

"நல்ல கம்பெனிம்மா."

பெட்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பட்டனை அழுத்தினேன். விளக்கெல்லாம் எரிந்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ஜோரா ஊர்வலம் போவுது. சாமியத்தான் காணோம்" என்றாள் அன்புச்செல்வி.

மானிட்டர் சரியில்லை என்றேன். கரன்ட் கம்மி என்றேன். கழற்றினேன், மாட்டினேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

"நாளைக்குக் காலைல டெஸ்டுப்பா" என்றாள் கவிநிலா. "பழைய லேப்டாப்பையும் வித்துட்டீங்க."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மாமா" என்றான் இளவரசன்.

"லைட்டு எரியுது. ஸ்கிரீன் வரல."

"ஏன், என்னாச்சு?"

இந்த மாதிரிக் கேள்விக்கு என் வாயில் எப்போதும் நாலு பதில் தயாராக இருக்கும். மகளைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல மச்சான்."

அன்புச்செல்வி விறுவிறுவென்று பூஜை அலமாரிக்குப் போய், காசு முடிந்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு காலத்தில் அது மஞ்சள் துணியாக இருந்திருக்க வேண்டும். சாயம் போய் வெளுத்திருந்தது.

"மாமா, போர்டுல மேல் ஓரத்துல, பிராசஸருக்குப் பக்கத்துல, தனியா ஒரு பவர் சாக்கெட் இருக்கும். அதுக்கு ஒயர் குடுத்தீங்களா?"

ஸ்பேர் ஒயரின் முடிச்சை அவிழ்த்தேன். மாட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது. கவிநிலா என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பவே நெனச்சேன்" என்றேன், பழக்க தோஷத்தில்.

அன்று சாப்பிடும்போது அன்புச்செல்வி, "ஏங்க, ஒரு வேண்டுதல் இருக்கு. உங்களுக்கு மொட்டை போடறதா சாமிகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். மனைவி வேண்டிக்கொண்டால் கணவன் தலையைக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த வெளிச்சம் வந்ததற்கு ஒரு தலை கொடுக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. டெஸ்ட் நல்லபடியாக முடிந்ததும் கிளம்பி வந்துவிட்டோம்.

உண்டியல் முன்னால் நின்று, அன்புச்செல்வி வெளுத்த துணியை அவிழ்த்துக் காசைப் போட்டாள். போட்டுவிட்டு என் மொட்டையை ஒருமுறை திருப்தியாகப் பார்த்தாள்.

"ஒரு கம்ப்யூட்டர் ஓடறதுக்குப் போயி என் தலைய நேர்ந்துக்கிட்டியே அன்பு. ஒரு தேங்கா ஒடைச்சா போதாதா?"

"கம்ப்யூட்டருக்கா? இது நமக்குக் கல்யாணமான புதுசுல முடிஞ்ச காசுங்க."

"அப்போ என்னான்னுதான் வேண்டிக்கிட்ட?"

"ஒரு தடவையாவது உங்க வாயால 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லணும்னு."