விளக்கு அணைந்திருந்தது

கமிலின் முன்பல் பார்லி வாளிக்குள் விழுந்தது. அடுத்த அடிக்கு ரிஷார்ட் துடுப்பை ஓங்கினான். பீர் காய்ச்சும்போது கொப்பரையைக் கிளறுகிற கனத்த மரத்துடுப்பு.

“என்னைக் கொல்லத்தானேடா இந்தப் பெட்டியைச் செஞ்சு குடுத்தே?”

ரிஷார்டின் வலது உள்ளங்கை கருகிக் கொப்பளித்திருந்தது. சற்று முன்புதான் மின்சாரம் அவனைக் கொப்பரையிலிருந்து பிய்த்துக் காரேஜ் சுவரில் அடித்திருந்தது. அக்காள் புருஷனுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பதறி ஓடிவந்த கமிலுக்கு இதுதான் வரவேற்பு.

“மச்சான், என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு அடிங்க.” கமில் ரத்தத்தைத் துப்பினான்.

“என்ன ஆச்சா? காய்ச்சறதுக்கு முன்னாடி ஹீட்டர் மூடியைக் கழட்டி நட்டை முறுக்குவேனில்ல? இன்னிக்கு வந்து பார்த்தா பச்சை விளக்கு எரியுது. சுவிட்சைத் திருப்பினேன், அணைஞ்சுது. கையை வெச்சேன். அணைஞ்சிருந்தா கரண்ட் இல்லேன்னு நீதானேடா சொன்னே!”

கமில் எலக்ட்ரீஷியன். ரிஷார்டின் பெயர் கொண்ட புனிதரின் திருநாளன்று, பெயர்நாள் பரிசாக, கொப்பரை ஹீட்டருக்கான அந்தச் சுவிட்ச் பெட்டியைத் தன் கையாலேயே செய்து கொடுத்திருந்தான். மனுஷன் பீர் காய்ச்சுவதில் மும்முரமானால் அக்காளுக்கு அடி குறையும் என்று ஒரு நப்பாசை.

“அஞ்சு நிமிஷம் குடுங்க. பார்த்துடறேன்.”

“பாரு. பார்த்துட்டு மிச்சத்தை வாங்கிக்கோ.”

ஷாக் அடித்ததும் கரண்டைத் துண்டித்து மெயினில் தானாக விழுந்துகிடந்த டிரிப்பரைக் கமில் ஏற்றிவிட்டான். பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தான். முள் துள்ளியது, ஹீட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. சுவிட்சைத் திருப்பினான். விளக்கு எரிந்தது, டெஸ்டரின் முள் கீழே விழுந்தது.

எல்லாம் தலைகீழாக இருந்தது. முதுகில் துடுப்பின் முனை குத்தியது. “சீக்கிரம்டா.”

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். ஹீட்டரோடு சேர்த்து அவன் கொடுத்திருந்த விளக்கின் இரண்டு ஒயர்களையும் யாரோ கழற்றி, சுவிட்சின் இரு பக்கமும் மாட்டியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டு ஹீட்டர் ஓடும்போது விளக்கு அணையும், சுவிட்சை அணைத்தால் எரியும். ஒயர் நுனிகள் பிசிறில்லாமல் முறுக்கப்பட்டு, மெழுகு நூலால் வரிவரியாகச் சுற்றப்பட்டிருந்தன. கமிலே அத்தனை சுத்தமாகக் கட்டியதில்லை.

இது பழுதல்ல. பொறி.

கமில் மெல்லத் தலையைத் தூக்கினான். சமையலறைக் கதவோரம் அக்காள் போஷெனா நின்றிருந்தாள். இடது கண் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அவளுக்குப் பின்னால் ரிஷார்டின் அம்மா யாத்விகா, பல்பு ஆலையில் வேலை பார்த்த காலத்து நீல அங்கியில், மடி நிறைய உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருந்தாள். படியில் வழுக்கி அடிபட்டதாக அவள் சொன்ன மணிக்கட்டில் இன்னும் கட்டு.

போஷெனா பெட்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கமிலுக்கு அது போதுமாக இருந்தது.

“என்னடா முழிக்கிறே? வேற எவனாச்சும் கையை வெச்சிருக்கானா?” ரிஷார்டின் பார்வை மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பியது. “இந்த வீட்டு ஆளா இருந்தா இங்கேயே குழி தோண்டிடுவேன்.”

“இல்ல மச்சான்.” கமில் அவசரமாகக் குறுக்கே நின்றான். “போன ஞாயித்துக்கிழமை பெட்டியில பல்பு மாத்தினேன் பாருங்க, அப்போ ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். என் தப்புதான்.”

அதற்குமேல் அவன் பேச வேண்டியிருக்கவில்லை. துடுப்பு அவன் தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவனை ரிஷார்ட் விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். குறுக்கே பாய்ந்த போஷெனாவைத் தலைமுடியைப் பிடித்துச் சுழற்றிப் பீப்பாய்களின் மேல் எறிந்தான். அவள் நெற்றி பிளந்து ரத்தம் மூக்கில் வழிந்தது.

துடுப்பு இரண்டாக முறிந்த பிறகுதான் அவனுக்குத் தன் கை வலித்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள சரி பண்ணி வெச்சிருக்கணும். இல்லே, அடுத்த பல்லு உங்க அக்காவோடது.”

கார் கிளம்பி, வளைவில் திரும்பி, சத்தம் ஓய்ந்தது.

கமில் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்து அக்காளிடம் போனான். “ஏன்க்கா இப்படிப் பண்ணினே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேனே!”

போஷெனா அவனை வெறித்துப் பார்த்தாள். “நானா?”

“பின்ன?”

“அடப்பாவி, நீ பண்ணினதுன்னுல்ல நான் நினைச்சேன்! வாயைத் திறந்தா உன்னைக் காட்டிக் குடுத்துடுவேனோன்னு பயந்து நின்னேன்!”

இருவரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யாத்விகா உருளைக்கிழங்கைத் தரையில் கொட்டிவிட்டு எழுந்தாள். திறந்துகிடந்த பெட்டியின் முன் வந்து குனிந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

“நான் சரியாத்தானே கட்டினேன் தம்பி, அப்புறம் எப்படி அவன் பொழைச்சான்?”