மூன்றாவது ரிப்பேர்

"ஏலே ஞானவேலு, நீ ரிப்பேர்தான் பாக்குறியா, இல்ல பாடுறவன் தொண்டையில மண்ணள்ளிப் போடுறியா?"

பூண்டி வேலப்பனின் ஜீப் மலை மேல் மூஞ்சிக்கல்லில் இருந்த கடை வாசலில் நிற்பதற்கு முன்பே அவருடைய சத்தம் வந்து இறங்கிவிட்டது. மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்த காலை. வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டும் ஞானவேலுக்கு அன்றைக்கு அதுதான் போணி. போணியே வசவு.

"என்னண்ணே ஆச்சு?"

"என்ன ஆச்சா? பூண்டி போய்ச் சேருறதுக்குள்ள பாட்டு அமுங்கிப் போச்சு. கூட்டி வச்சா கரகரங்குது. மூணாவது தடவை! சந்தையில மூட்டை எறக்குறவன்லாம் கேக்குறான், ஞானவேலு வேலை நிக்காதாமேன்னு."

'அவனுகளுக்கு யாரு சொன்னது?' என்று நாக்கு நுனிவரை வந்ததை ஞானவேல் விழுங்கிக்கொண்டான். இந்தச் சீசனில் கடைக்கு வந்த வண்டிகளைவிட உள்ளே நுழைந்த மேகம்தான் அதிகம். மிச்சமிருந்தது பெயர் ஒன்றுதான். அதுவும் சந்தையில் நாறிவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்க வேண்டியதுதான்.

"போன்ல சத்தத்தை ஏத்தி வச்சு, செட்டுல பாதியா வைக்கச் சொன்னேனே?"

"அப்படித்தான் வச்சிருக்கேன்."

"தும்தும்முன்னு அடிக்கிற பாஸைக் கூட்டலையே?"

"நான் எதுக்குக் கூட்டுறேன்? வாயால ரிப்பேர் பாக்காத, கையால பாரு. டீயைக் குடிச்சுட்டு வர்றேன். இன்னொரு தடவை கெட்டுச்சு, அப்புறம் உன் கடைப் பக்கம் எவனும் வரமாட்டான்!"

வேலப்பன் போய்விட்டார். முன் சீட்டில் சால்வையைத் தலையில் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி கருப்பம்மாளிடம் டீ வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானவேல் உள்ளே குனிந்தான். முதல் தடவை வந்தபோது போனில் சத்தம் குறைவாகவும் செட்டில் முழுசாகவும் இருந்தது, மாற்றி வைத்தான். அடுத்த தடவை வயரையே மாற்றினான். இன்று இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. போனிலிருந்து வரும் வயரின் முனையிலிருந்த பின் மட்டும் செட்டுக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. அழுத்தினான். பாட்டு பளிச்சென்று வந்தது. லேசாக இழுத்தான். பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்து அங்கிருந்தே தொடர்ந்தார்.

"கொண்டை ஊசி வளைவுல குலுங்கிக் கழண்டிருக்கு மதினி. இதுக்குத்தான் இத்தனை ஏச்சு!"

தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பின்னை ஆழமாகச் செருகி, சுற்றிலும் நொடியில் இறுகும் பசையைப் பிதுக்கிவிட்டான்.

"இனிமே ஜீப்பு பள்ளத்துல உருண்டாலும் இது கழண்டு வராது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். போன வருஷம் அவர்களுடைய மகன் விக்னேஷ் பைக்கோடு பள்ளத்தில் போனது மலைக்கே தெரியும். இழவு வீட்டு வாசலில் கல்யாண மேளத்தைக் கொண்டுபோய் வைக்கிற வாய் ஞானவேலுக்கு.

கருப்பம்மாள் அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. வயரையே வெறித்துப் பார்த்தாள்.

"ஒட்டிட்டீங்களா தம்பி? இனி வரவே வராதா?"

"காட்டுமாடு இழுத்தாலும் வராது மதினி."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் தம்பி இழுத்து விடுறது."

ஞானவேலுக்குப் புரியவில்லை.

"பைக்கு வாங்கிக் குடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னது நானு. புள்ளையைத் தூக்கிக் குடுத்ததுல இருந்து அவரு எங்கூடப் பேசுறதில்ல. சோத்தை வச்சாத் திங்குறாரு, எந்திரிச்சுப் போயிர்றாரு. இது கரகரத்தாத்தான் 'ஏய், வயரைத் தொட்டியா?'ன்னு என் பக்கம் திரும்புறாரு. நானும் 'நீங்க வண்டி ஓட்டுற லட்சணம் அப்படி'ன்னு ஏதாச்சும் சொல்லுவேன். வீடு போய்ச் சேர்றவரைக்கும் ஏசிக்கிட்டே வருவாரு. அம்புட்டுத்தான் தம்பி எங்க பேச்சு."

மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள்.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க. லேசா இளக்கி மட்டும் விட்டுருங்க."

சந்தையில் பெயர் நாறினால் நாறட்டும் என்று ஞானவேல் நகத்தால் நெம்பினான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். பசை கல்லாக இறுகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பார்த்த வேலை நிலைத்து நின்றுவிட்டது.

"என்ன, முடிஞ்சுதா?" வேலப்பன் வந்து ஏறி பட்டனை அமுக்கினார்.

பாட்டு கணீரென்று எழுந்தது. ஒரு பிசிறு இல்லை. கருப்பம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வேலப்பன் வயரைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். பிறகு இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அவர் முகம் இருண்டது. பாட்டை ஓடவிட்டபடியே இறங்கிவந்து, ஞானவேலின் தோளைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அடி விழப் போகிறது என்று ஞானவேல் கண்ணை மூடிக்கொண்டான்.

விழவில்லை. வேலப்பனின் குரல் இவ்வளவு தணிந்து அவன் கேட்டதே இல்லை.

"அவ இழுத்து விடுறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? பைக்கு சாவியை அவன் கையில குடுத்தவன் நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவகிட்டப் பேசுவேன்? மறுபடி அவ இழுக்கட்டும்னுதானே ஒவ்வொரு தடவையும் உங்கிட்டச் சரி பண்ணிக் கொண்டு போறேன்... ஒட்டித் தொலைச்சுட்டியேப்பா!"